நவமி கழியட்டும்

அப்பாவுக்குப் பார்வை போகப்போகிறது என்று அம்மா போனில் சொன்னபோது நான் கலிஃபோர்னியாவில் ஆபீஸ் மேஜையில் உட்கார்ந்து பிட்ஸா தின்றுகொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி. புனேயில் கம்ப்யூட்டர் படித்தவர்களைக் கூடை கூடையாக அள்ளி அமெரிக்காவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். என்னையும் அள்ளியிருந்தார்கள். அம்மா அழவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு செத்துக்கொண்டே வருகிறதாம், போனது போனதுதானாம், மிச்சம் இருப்பதைச் சொட்டு மருந்து போட்டு இழுத்துப் பிடிக்கலாமாம், அதுவும் ஒரு வருஷமா ஆறு மாசமா என்று சொல்ல முடியாதாம் என்று டாக்டர் சொன்னதை வரிசையாக ஒப்பித்துவிட்டு, “நீ சாப்ட்டியா?” என்று கேட்டாள். சாப்பிட்டேன் என்றேன். அதற்கு மேல் அந்தப் பிட்ஸாவைத் தொடவில்லை.

அப்பா புனேயை ஒட்டிய கட்கியில் ராணுவத்துக்குப் பொருள் செய்யும் தொழிற்சாலையில் எக்ஸாமினராக இருந்து ஓய்வு பெற்றவர். எக்ஸாமினர் என்றால் பரீட்சை வைக்கிறவர் இல்லை. சுண்டு விரல் நகம் அளவு பித்தளைப் பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, பூதக்கண்ணாடியில் பார்த்து, மயிரிழைக் கீறல் இருந்தாலும் ஒதுக்கித் தள்ளுகிறவர். முப்பது வருஷத்துக்கு மேல் அதையே செய்தார். வீட்டிலும் அதே கண்தான். என் சட்டையில் ஒரு பொத்தான் வேறு நூலில் தைத்திருந்தால் வாசலில் வைத்தே கண்டுபிடித்துவிடுவார். அந்த ஆளுக்கு இப்படி.

விசா வாங்கி, டிக்கெட் போட்டு, இரண்டு பேரையும் வரவழைத்தேன். அமெரிக்க டாக்டர் வேறு ஏதாவது சொல்வார் என்று ஒரு நப்பாசை. அவர் இன்னும் பெரிய மெஷினில் பார்த்துவிட்டு, இன்னும் மரியாதையாக, அதையேதான் சொன்னார். வெளியே வந்து காரில் உட்கார்ந்தோம். அப்பாதான் பேச்சை ஆரம்பித்தார்.

“டேய், இத கேளு. பேப்பர கையில எடுத்தா நாலு எழுத்துதான் தெரியுது. ஆனா கட்கி மைதானத்துக்கு அந்தப் பக்கம் தண்ணி டேங்க் இருக்குல்ல, அது முழுசா தெரியுது. ஏன்னு யோசிச்சியா?”

“இல்லப்பா.”

“எனக்கு இப்ப ஒரு ஓட்டை வழியாத்தான் தெரியுது. ஓட்டை சின்னது. கிட்ட இருக்கறது அதுக்குள்ள அடங்காது. தூரத்துல இருக்கறது அடங்கிடும். எவ்ளோ தூரமோ அவ்ளோ முழுசு.” சொல்லிவிட்டுச் சிரித்தார். “வாழ்க்க முழுக்கச் சின்னதையே பாத்தாச்சு. ஓட்டை மூடறதுக்குள்ள பெருசா ஒண்ணு பாத்துடணும். உங்க ஊர்ல தூரமா, பெருசா என்ன இருக்கு?”

கிராண்ட் கேன்யன் இருக்கிறது என்றேன். பூமி பிளந்து கிடக்கும் பள்ளத்தாக்கு, இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பத்து மைல் என்றேன். பத்து மைல் என்றதும் அவர் முகம் மாறியது. அதன் பிறகு இரண்டு வாரம் அந்தப் பத்து மைலைப் பற்றித்தான் பேச்சு. சொட்டு மருந்தை ஒரு வேளைகூடத் தவறவிடாமல் போட்டுக்கொண்டார். அதுவரைக்குமாவது இருக்கட்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார்.

நவம்பர் கடைசியில் நான்கு நாள் சுட்டி, அதாவது லீவு, வந்தது. போகிற வழியில் லாஸ் வேகாஸில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, மத்தியானத்துக்குள் பள்ளத்தாக்கின் விளிம்பில் நிற்பது என்பது திட்டம். வழியில் லாஸ் வேகாஸ் வந்தது என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. வழியில் இருந்ததால் அல்ல, எனக்குப் பார்க்க ஆசையாக இருந்ததால்தான் வழி அப்படிப் போனது. உடன் வேலை பார்த்த பையன்கள் எல்லாரும் பார்த்துவிட்டு வந்து கதை கதையாக அளந்திருந்தார்கள்.

வியாழக்கிழமை நாள் முழுக்கக் கார் ஓட்டினேன். ஹோட்டலுக்குள் நுழைந்தால், ரூம் சாவி வாங்கும் மேஜைக்குப் போவதற்கே சூதாட்ட மெஷின்களுக்கு நடுவே கால் கிலோமீட்டர் நடக்க வேண்டும். அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஜன்னல் கிடையாது, கடிகாரம் கிடையாது, இருட்டும் பளபளப்புமாக ஒரே இரைச்சல். அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். அந்த வெளிச்சத்தில் அவருக்கு எதுவுமே பிடிபடவில்லை என்பது அவர் விரல்களின் இறுக்கத்தில் தெரிந்தது. நான் பெட்டியை இழுத்துக்கொண்டு கொஞ்சம் வேகமாகத் திரும்பிவிட்டேன் போலிருக்கிறது. பின்னால் சடசடவென்று சத்தம். ஒரு வயதான அம்மாளின் கையில் இருந்த பிளாஸ்டிக் டம்ளரை அப்பா தட்டிவிட்டிருந்தார். அது நிறைய மெஷினில் போடும் சில்லறை. தரையெல்லாம் உருண்டு ஓடியது.

அந்த அம்மாள் கோபப்படக்கூட இல்லை. பரவாயில்லை, பரவாயில்லை என்றார். ஆனால் அப்பா அதற்குள் மண்டி போட்டுவிட்டார். அந்தத் தரைவிரிப்பில் வட்டம் வட்டமாகப் பூ வேலை. ஒவ்வொரு வட்டத்தையும் காசு என்று நினைத்துக் கையை வைக்கிறார், தடவுகிறார், இல்லை என்று அடுத்த வட்டத்துக்குப் போகிறார். பக்கத்திலேயே நிஜக் காசு கிடக்கிறது, அது தெரியவில்லை. மயிரிழைக் கீறலைக் கண்டுபிடித்த கண். அம்மா, “எழுந்திருங்க, அவங்க பொறுக்கிப்பாங்க” என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை. “என்னால போச்சு, நான்தான் எடுக்கணும்” என்று தமிழில் அந்த அம்மாளிடமே சொல்லிக்கொண்டிருந்தார். நான் பெட்டியைப் பிடித்தபடி நின்றேன். உதவியிருக்கலாம். ஆட்கள் பார்க்கிறார்களே என்ற கூச்சம் முன்னால் வந்து நின்றுகொண்டது.

ரூமுக்கு வந்து கை கால் கழுவி, ரைஸ் குக்கரில் சாதம் வைத்த பிறகு, அம்மா பெட்டியைத் திறந்து காலண்டரை எடுத்தாள். தினம் ஒரு தாள் கிழிக்கும் தமிழ்க் காலண்டர். கட்கி பஜாரில் தமிழ்க்காரர் கடையில் வருஷா வருஷம் வாங்குவது. ஆணியிலிருந்து கழற்றி, புடவைகளுக்கு நடுவில் வைத்து, ஏழு கடல் தாண்டிக் கொண்டுவந்திருந்தாள். கலிஃபோர்னியாவில் என் சமையல் அறையில் மாட்டி, அங்கத்திய காலையில் ஒரு தாள் என்று கிழித்துக்கொண்டும் வந்தாள். பிளேன் ஏறும் நேரம், டாக்டரைப் பார்க்கும் நேரம் எல்லாம் அதைக் கேட்டுத்தான்.

“நாளைக்கு நவமி” என்றாள்.

“அதனால?”

“அரே, அதனாலயா? நவமில எவனாவது வெளியூருக்குக் கெளம்புவானா? அஷ்டமி ஆகாதுன்னுதான் நேத்து ராத்திரியே பெட்டிய கீழ கொண்டுபோய் கார்ல வெக்கச் சொன்னேன். புறப்பட்ட மாதிரி ஆச்சுல்ல.”

“அப்ப புறப்பட்டாச்சுல்லம்மா? இதுவும் அதே புறப்பாடுதான?”

“படுத்து எழுந்து கெளம்பினா அது புதுப் புறப்பாடு. மலை, பள்ளம்னு போறோம். உங்கப்பாவுக்குக் கண்ணு வேற இப்படி. கீழ பாத்தல்ல இப்ப நடந்தத? நவமி கழியட்டும். சனிக்கிழம போலாம். இதோ போட்ருக்கான் பாரு, நவமி நாளைக்கு ராத்திரி ஏழு மணி வரைக்கும்.”

அப்பா என் பக்கம் திரும்பினார். அவர் இதையெல்லாம் நம்புகிறவர் இல்லை. ஆனால் அம்மாவோடு வாதாடுவதை என்றைக்கோ விட்டுவிட்டவர். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார்.

சொல்வதற்கு என்னிடம் ஒன்று இருந்தது. தினமும் புனே ஆபீஸோடு போனில் பேசுகிறவன் நான். இங்கே என்ன மணி என்றால் அங்கே என்ன மணி என்பது எனக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். காலண்டரில் போட்டிருக்கும் ராத்திரி ஏழு மணி இந்தியாவின் ஏழு மணி. திதி என்பது சந்திரன் கணக்கு, ஊருக்கு ஊர் மாறாது. இந்தியாவில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழு ஆகும்போது லாஸ் வேகாஸில் அதே வெள்ளிக்கிழமை விடியற்காலை ஆறுகூட ஆகியிருக்காது. அம்மாவின் கணக்குப்படியே, நாங்கள் கார் கதவைத் திறக்கும்போது நவமி கழிந்துபோயிருக்கும். அம்மா காலண்டரை நம்புகிறவள், கணக்கையும் நம்புகிறவள். விளக்கிச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் ஒத்துக்கொண்டிருப்பாள்.

நான் சொல்லவில்லை. “சரிம்மா, சனிக்கிழமையே போலாம்” என்றேன்.

ஏன் என்று எத்தனையோ முறை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அலுப்பு என்று சொல்லலாம், நாள் முழுக்க ஓட்டியது உண்மைதான். ஆனால் அது முழு உண்மை இல்லை. மூன்று வாரமாக நான் அவருடைய கண்ணாக இருந்தேன். படி வருதுப்பா, இடது பக்கம் சுவர், முன்னால குழந்தை என்று சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்திருந்தது. எனக்கு ஒரு நாள் வேண்டியிருந்தது. என் தோளில் கை இல்லாத ஒரு நாள். அதை என் அம்மாவின் நவமிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். வானத்தில் துடைத்து வைத்த மாதிரி ஒரு மேகம் இல்லை. அவர்கள் இரண்டு பேரையும் பன்னிரண்டாவது மாடி ரூமில் விட்டுவிட்டு நான் தெருவெல்லாம் சுற்றினேன். பொய் மலை, பொய் ஆறு, பொய் வானம் எல்லாம் கட்டி வைத்திருக்கிறார்கள், வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தேன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது. சாயங்காலம் திரும்பி வந்தால் அப்பா ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அங்கேதான் என்றாள் அம்மா. தூரத்தில் பாலைவனத்துக்கு அப்பால் ஒரு மொட்டை மலை.

“முழுசா தெரியுதுடா” என்றார். “இந்த மூலைலேர்ந்து அந்த மூலை வரைக்கும். நாளைக்கு இதவிடத் தெளிவா இருக்கும்ல?”

இருக்கும் என்றேன்.

சனிக்கிழமை இருட்டோடு கிளம்பினோம். அம்மா எலுமிச்சம்பழம் நசுக்கச் சொன்னாள், சக்கரத்தடியில் வைத்து நசுக்கினேன். இரண்டு மணி நேரம் ஓட்டியதும் வானம் சாம்பலாக ஆரம்பித்தது. மேட்டில் ஏற ஏற சாலை ஓரத்தில் பனி. அப்பா வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். விளிம்புக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தடி தள்ளி நிற்கும் கார்கூடத் தெரியவில்லை. கம்பி வேலி வரைக்கும் அவரை நடத்திக் கூட்டிப்போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் வெள்ளை. மேலே, கீழே, எதிரே, எல்லாம் ஒரே வெள்ளை. பள்ளம் என்று ஒன்று அங்கே இருக்கிறது என்பதற்கு அடையாளமே இல்லை.

அப்பா இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்தை மெதுவாக இடமிருந்து வலமாகத் திருப்பினார். அந்தச் சின்ன ஓட்டையை எங்கெல்லாம் வைத்துப் பார்க்க முடியுமோ அங்கெல்லாம் வைத்துப் பார்த்தார். மறுபடியும் வலமிருந்து இடமாக. அவர் கன்னம் துடிக்க ஆரம்பித்ததைப் பார்த்தேன், குளிர் என்று நினைத்தேன். அம்மா நாலு அடி பின்னால் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்காதபடி, என் காதோடு, அப்பா கேட்டார்:

“டேய். எனக்குத்தான் தெரியலயா? உனக்கும் தெரியலயா?”

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. கண் போய்விட்டது, இங்கே, இந்த நிமிஷத்தில், வந்து சேர்ந்த இடத்தில் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அத்தனை நேரம் சத்தம் போடாமல்.

“எனக்கும் தெரியலப்பா. மூடுபனி. யாருக்கும் தெரியாது.”

“நெஜமாவா?”

“சத்தியமா.”

“ஹாய்லா!” என்று சிரித்தார். மராத்திக்காரர்கள் ஆச்சரியப்படுகிற மாதிரி. “பனிதானா! ஏய், இங்க பாரு, வெறும் பனி!” என்று அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அத்தனை சந்தோஷமாக அவர் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதற்கு இந்த மனிதர் சந்தோஷப்பட வேண்டியிருக்கிறது பாருங்கள்.

பனி விலகும் என்று காத்திருந்தோம். காருக்குள் ஹீட்டர் போட்டு உட்காருவதும், பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை இறங்கிப் போய்ப் பார்ப்பதுமாக நாலு மணி வரைக்கும். பூங்காக் காவலர் ஒருவர் வந்தார். எப்போது விலகும் என்று கேட்டேன். நாளைக்குப் பனிமழை கொட்டப்போகிறது, இன்றைக்கும் நாளைக்கும் நம்பிக்கை இல்லை என்றார். பிறகு, பாவம், நல்ல மனிதர்தான், ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, நேற்று வந்திருக்க வேண்டும் நீங்கள், நேற்று அந்தக் கரையில் இருக்கும் மரத்தைக்கூட எண்ணலாம் போல இருந்தது என்றார். அப்பாவுக்கு அந்த அளவு இங்கிலீஷ் நன்றாகவே தெரியும். அவர் கம்பியைப் பிடித்தபடி இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியது. நான் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். அடுத்த வாரம் அவர்களுக்குப் பிளேன். இன்னொரு வருஷம் வரலாம் என்று காரில் நான்தான் சொன்னேன்.

புனே திரும்பி ஒன்றரை வருஷத்தில் அப்பாவுக்குப் பார்வை முழுக்கப் போய்விட்டது. நான் அமெரிக்காவை முடித்துக்கொண்டு வந்து, புனேயிலேயே கராடியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, சாங்வியில் வீடு வாங்கி அவர்களை என்னோடு வைத்துக்கொண்டேன். அதைப் பெரிய தியாகம் மாதிரி சொந்தக்காரர்கள் பேசினார்கள். எனக்கு உள்ளுக்குள் கூசும்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டாள். கீழ் வீட்டு மராத்தி மாமிக்கு இந்தியில், கட்கியிலிருந்து வருகிற பழைய ஆட்களுக்குத் தமிழில். “அந்தப் பனியில, அந்தப் பள்ளத்துகிட்ட, ஒரு கீறல் இல்லாம திரும்பி வந்தோம்னா நவமி கழிச்சுக் கெளம்பினோம் பாருங்க, அதனாலதான்” என்று முடிப்பாள். அப்பாவோடு வேலை பார்த்தவர்கள், அமெரிக்காவில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் அப்பா, “பனி பாத்தேன்” என்று சிரிப்பார். நான் அந்த இடத்தில் இருந்தால் அடுப்படியில் சாய் போடுகிற சாக்கில் எழுந்துவிடுவேன்.

இப்படியே நாலைந்து வருஷம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அம்மா காய்கறி வாங்கப் போயிருந்தாள். அடுத்த மாசம் இரண்டு வாரம் ஆபீஸ் வேலையாகக் கலிஃபோர்னியா போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் பால்கனியில் உட்கார்ந்திருந்தார். என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

“நடுவுல சனி ஞாயிறு வரும்ல? அங்க ஒரு தடவ போயிட்டு வந்துடு.”

“எங்கப்பா?”

“அந்தப் பள்ளத்துக்குத்தான். நல்லா நின்னு பாரு. அவசரப்படாத. வந்து எனக்குச் சொல்லு. எந்தக் கலரு, எவ்ளோ ஆழம், ஓரம் எப்படி இருக்கு, எல்லாம். நீ பாத்துச் சொன்னா எனக்குப் போதும்டா. நான் பாத்த மாதிரி.”

என்னால் அதைத் தாங்க முடியவில்லை. நான் பார்த்துவிட்டு வந்து சொல்ல, அவர் அதைத் தன் கண்ணால் பார்த்ததாக வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க, நான் அந்த நிம்மதியைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டுத் தூங்குவதா? சொல்லிவிட்டேன். இந்தியாவில் ஏழு மணி என்றால் அங்கே எத்தனை மணி என்பதைச் சொன்னேன். வெள்ளிக்கிழமை விடியும்போதே நவமி முடிந்திருந்தது என்றேன். அம்மா போட்டது தப்புக் கணக்கு என்றேன்.

அவர் உதடு அசைந்தது, மணிக்கணக்கைப் போட்டுப் பார்க்கிறார் என்று தெரிந்தது.

“ஆமாம்” என்றார். “சரிதான்.” பிறகு, “இது நீ இப்ப கண்டுபிடிச்சியா, அப்பவே தெரியுமா?”

இப்பதான்பா என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். என் வாய் வரைக்கும் வந்தது. அவர் முகம் என் பக்கம் திரும்பியிருந்தது, பார்க்கிற முகம் மாதிரியே. ஒதுக்கித் தள்ள வேண்டிய பித்தளையை எத்தனை ஆயிரம் முறை பார்த்திருப்பார்.

“அப்பவே தெரியும்பா.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். வெடுக்கென்று இல்லை. எடுத்து, தன் மடியில் வைத்துக்கொண்டார். திட்டுவார் என்று காத்திருந்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்று இருந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் தோளில் கை இல்லாத அந்த ஒரு நாளைப் பற்றியும் சொல்லிவிடத் தயாராக இருந்தேன். அவர் கேட்கவில்லை. கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே இருந்தார்கள், அது கிளம்பவே இல்லை.

மாடிப்படியில் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டது. எனக்கு முன்னால் அவருக்குத்தான் கேட்டது.

“உங்கம்மாகிட்ட சொல்லிடாத” என்றார். “அவ தாங்க மாட்டா.”

அம்மா பையை இறக்கி வைத்துவிட்டு, மேத்திக் கீரை கட்டு என்ன விலை சொல்கிறான் தெரியுமா என்று ஆரம்பித்தாள். அப்பா எப்போதும் போல அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த மாசம் கலிஃபோர்னியா போனேன். நடுவில் இரண்டு நாள் லீவு இருந்தது, கையில் காரும் இருந்தது. ஹோட்டல் ரூமிலேயே கிடந்தேன். போய்ப் பார்த்திருக்க வேண்டுமா, கூடாதா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியவில்லை. திரும்பி வந்த அன்று அப்பா பிளேன் எத்தனை மணிக்கு இறங்கியது என்று கேட்டார். அங்கே குளிரா என்று கேட்டார். சாப்பாட்டுக்கு என்ன செய்தாய் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் தயாராக வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்தப் பள்ளத்துக்குப் போனாயா என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அதன் பிறகு ஆறு வருஷம் உயிரோடு இருந்தார், ஒருநாளும் கேட்கவில்லை.